பச்சோந்தி வருவதற்கு முன்பே கூண்டு தயாராக வேண்டும்

பச்சோந்தி வளர்க்க ஆசைப்படும் பலர் முதலில் பச்சோந்தியை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் கூண்டைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். நாயும் பூனையும் நம் வீட்டுக்குத் தகுந்தாற்போல் பழகிக்கொள்ளும். பச்சோந்தியால் அது முடியாது. வெளிச்சம், சூடு, ஈரம், காற்று, உயரம் என்று அதற்குத் தேவையான எல்லாவற்றையும் கூண்டுதான் தர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் உடனே வெளியே தெரியாது. காட்டில் சோர்ந்து கிடக்கும் பிராணி சீக்கிரம் இரையாகிவிடும் என்பதால், உடம்பு முடியாமல் போனாலும் பச்சோந்தி முடிந்தவரை அதை மறைத்தே வைத்திருக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் பல வாரம் முற்றியிருக்கலாம்.

அதனால் கூண்டைக் கட்டி, விளக்குகளையும் தண்ணீர் ஏற்பாட்டையும் பொருத்தி, பச்சோந்தி இல்லாமலே ஒரு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். வெப்பம், ஈரப்பதம் காட்டும் எண்கள் எல்லாம் நிலையாக நின்ற பிறகு பிராணியைக் கொண்டு வரலாம்.

எந்த இனம்?

கூண்டின் அளவும் சூடும் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் முதலில் இதை முடிவு செய்துவிடுங்கள். வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பவை மூன்று. ஏமன், சவூதி அரேபியா பகுதிகளைச் சேர்ந்த வெய்ல்ட் பச்சோந்திக்குத் தலையில் உயரமான கொண்டை இருக்கும். மடகாஸ்கரைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தி நிறங்களுக்குப் பேர்போனது. கென்யா, தான்சானியா மலைப்பகுதிகளின் ஜாக்சன் பச்சோந்தியில் ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்புகள் உண்டு. முதல் இரண்டும் முட்டையிடும், ஜாக்சன் குட்டி போடும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு வெய்ல்ட் அல்லது பாந்தர், அதிலும் ஆண் என்பதுதான் என் பரிந்துரை. ஜாக்சன் குளிர்ந்த மலைக்காற்றுக்குப் பழகியது. இரவில் நன்றாகக் குளிராத அறையில் அதை வைத்துச் சமாளிப்பது பெரும்பாடு. பெண் பச்சோந்தியை வளர்ப்பதில் முட்டையிடுதல் சார்ந்த கூடுதல் பொறுப்பு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

காட்டில் பிடித்ததை வாங்காதீர்கள். அப்படி வருபவை ஒட்டுண்ணிகளோடும் மிரட்சியோடும் வரும், பல பிழைப்பதில்லை. பச்சோந்தி இனங்களில் பெரும்பாலானவை சைட்டிஸ் எனும் சர்வதேச வனவிலங்கு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பல நாடுகளில் உள்ளூர்ப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். உங்கள் நாட்டில் எந்த இனத்தை வளர்க்க அனுமதி உண்டு, என்ன ஆவணம் வேண்டும் என்பதை உறுதி செய்துகொண்டு, வளர்ப்பில் பிறந்த குட்டியை மட்டுமே வாங்குங்கள்.

ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்திதான். துணைக்கு இன்னொன்று இருந்தால் சந்தோஷப்படும் என்று நினைக்காதீர்கள். இன்னொரு பச்சோந்தி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் போதும், தீனி எடுக்காமல் நாளுக்கு நாள் மெலிந்துவிடும். பக்கத்துக் கூண்டு தெரிந்தால் நடுவில் தடுப்பு வையுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைப் பார்த்தே சண்டைக்கு நிற்பவையும் உண்டு.

கூண்டும் அது நிற்கும் இடமும்

வளர்ந்த வெய்ல்ட் அல்லது பாந்தருக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் வேண்டும். இதை அதிகபட்சமாக நினைக்காமல் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் குட்டியைச் சில மாதங்கள் இதைவிடச் சிறிய கூண்டில் வைத்தால் இரை தேடவும் நாம் கண்காணிக்கவும் வசதி. ஆனால் அது வேகமாக வளரும் என்பதால் பெரிய கூண்டை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள்.

மீன்தொட்டி போன்ற நாலு பக்கமும் அடைத்த கண்ணாடிப் பெட்டி சரிப்படாது. ஈரமான காற்று உள்ளேயே தேங்கினால் நுரையீரலில் கிருமித்தொற்று வரும். வலைக் கூண்டுதான் பொதுவாக நல்லது. வலை மெல்லிய அலுமினியமாகவோ பிளாஸ்டிக் பூசியதாகவோ இருக்கட்டும். முரட்டுக் கம்பிவலையில் ஏறி இறங்கும்போது நகம் பிய்ந்துபோகும், பாதம் புண்ணாகும். காற்று மிகவும் வறண்ட அறை என்றால் மூன்று பக்கத்தை அக்ரிலிக் ஷீட் கொண்டு மூடி, மேல்பகுதியையும் முன்பக்கத்தின் அடிப்பகுதியையும் வலையாகவே விடலாம். விளக்கின் சூட்டில் காற்று மேலே ஏறி வெளியேறும்போது கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும்.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். பச்சோந்திக்கு உயரம்தான் தைரியம். உறுதியான மேசையோ ஸ்டாண்டோ போட்டு, மேல்கிளையில் உட்கார்ந்திருக்கும் பச்சோந்தி உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்குமாறு வையுங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் முகம் அதற்குப் பருந்துதான். ஏசி காற்று, மின்விசிறி, அடுப்படி, டிவி, ஆட்கள் நடமாடும் வழி இவற்றிலிருந்து தள்ளி, ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும்.

யுவிபி வெளிச்சம்

கூண்டில் ஒரே ஒரு பொருளுக்குத்தான் தாராளமாகச் செலவு செய்ய முடியும் என்றால் அது யுவிபி விளக்காக இருக்கட்டும். சூரிய ஒளியில் இருக்கும் யுவிபி எனும் புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். அந்த டி3 இருந்தால்தான் தின்ற இரையில் உள்ள கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும். கால்சியம் கிடைக்காத உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை உறிஞ்சிக்கொள்ளும். கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், நாக்கை நீட்டி வீசத் தெம்பிருக்காது. வீடுகளில் பச்சோந்தி இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் இந்த எலும்பு நோய் ஒன்று. வளைந்த கால் திரும்ப நேராகாது என்பதால் வராமல் தடுப்பதே வழி.

வாங்க வேண்டியது டி5 ஹெச்ஓ வகை நீளமான குழல்விளக்கு, பெட்டியில் 5.0 என்றோ 6 சதவீதம் என்றோ போட்டிருக்கும். திருகிப் பொருத்தும் சுருள் பல்பு வேண்டாம். அதன் யுவிபி ஒரு சின்ன வட்டத்தில்தான் விழும், சற்றுத் தள்ளிப் போனாலே ஒன்றும் இருக்காது. குழல்விளக்கு கூண்டின் அகலம் முழுவதும் பரவும். அதை மேல்வலையின் மீது, பின்னால் பளபளப்பான பிரதிபலிப்பான் உள்ள ஃபிக்சரில் வைத்து, அதற்கு 20 முதல் 25 செ.மீ. கீழே மேல்கிளையைக் கட்டுங்கள். வலை கணிசமான யுவிபியைத் தடுத்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்த தூரம் இது. சோலார்மீட்டர் 6.5 கருவியை இரவல் வாங்க முடிந்தால் ஒருமுறை அளந்து பாருங்கள். பச்சோந்தியின் முதுகு இருக்கும் உயரத்தில் யுவி குறியீடு 3-ஐ ஒட்டி இருந்தால் வெய்ல்டுக்கும் பாந்தருக்கும் சரியான அளவு.

அடிக்கடி கேட்கப்படும் கேள்வி: ஜன்னல் வழியாக வெயில் வருகிறதே, அது போதாதா? போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யுவிபியை அநேகமாக முழுவதும் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே விடும். இன்னொரு விஷயம். குழல்விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யுவிபி மெல்லக் குறைந்துகொண்டு வரும், அது கண்ணுக்குத் தெரியாது. அளக்கக் கருவி இல்லாவிட்டால் 6 முதல் 12 மாதத்துக்குள் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றிவிடுங்கள். பொருத்திய தேதியை ஃபிக்சரின் மேலேயே எழுதி ஒட்டி வைத்தால் மறக்காது.

எல்லா விளக்கும் ஒரு டைமரில் போகட்டும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் முழு இருட்டு. இரவில் சிவப்பு, நீல பல்பு எதுவும் தேவையில்லை. அந்த வெளிச்சமும் அதற்குத் தெரியும், தூக்கம் கெடும்.

சூடு: மேலே வெயில், கீழே நிழல்

பச்சோந்தியின் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்காது. காலையில் எழுந்ததும் வெயில் காயும், போதும் என்றதும் நிழலுக்கு நகரும். இந்த இரண்டுக்கும் கூண்டில் இடம் வேண்டும். மேலே ஒரு மூலையில் சாதாரண குண்டு பல்போ ஹாலஜன் பல்போ மாட்டி, அதன் கீழே கிடைமட்டமாக ஒரு கிளை வையுங்கள். வெய்ல்ட் ஆணுக்கும் பாந்தருக்கும் அந்தக் கிளையில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ். வெய்ல்ட் பெண்ணுக்கும் எல்லாக் குட்டிகளுக்கும் 27 டிகிரி போதும். கூண்டின் கீழ்ப்பகுதி 22 முதல் 25 வரை இருக்கட்டும்.

அளக்கும்போது கிளையை அளக்காமல், பச்சோந்தி அதில் உட்கார்ந்தால் முதுகும் தலையும் எந்த உயரத்தில் வருமோ அங்கே அளக்க வேண்டும். வெய்ல்டின் கொண்டை முதுகைவிட எவ்வளவோ மேலே இருக்கும், அதனால்தான் கொண்டையின் நுனியில் தீக்காயம் அதிகம் வருகிறது. பல்பு வலைக்கு வெளியே இருக்கட்டும். வலையில் தொங்கிக்கொண்டு பல்பை ஒட்டிப் படுத்துவிடும் பச்சோந்திகளும் உண்டு என்பதால், பல்பை வலையிலிருந்து சில செ.மீ. மேலே தூக்கி வைப்பது நல்லது. கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்கள். கூண்டுச் சுவரில் ஒட்டும் முள் வைத்த வட்ட மானிகளை நம்ப முடியாது. கூடவே, புறங்கையை அந்த உயரத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுரீரென்றால் அதற்கும் சுடும்.

அளவு சரிதானா என்று பச்சோந்தியே காட்டிக்கொடுக்கும். காலையில் விளக்கு வந்ததும் கிளைக்கு ஏறி, உடம்பைப் பக்கவாட்டில் தட்டையாக்கி, விளக்கைப் பார்த்த பக்கத்தை மட்டும் கருப்பாக்கிக்கொள்ளும். கருநிறம் சூட்டை அதிகம் இழுக்கும். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்து, கிளையை விட்டு இறங்கினால் எல்லாம் சரி. மதியம்வரை கருத்தபடி அங்கேயே கிடந்தால் சூடு போதவில்லை. வெளிறிப்போய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் சூடு அதிகம்.

அறையே 30 டிகிரியைத் தொடும் நாட்களில் சூட்டு பல்பை அணைத்துவிட்டு யுவிபி குழலை மட்டும் எரியவிடுங்கள். இரவில் 18 முதல் 22 டிகிரிக்கு இறங்குவது உடம்புக்கு நல்லது. அறை 15 டிகிரிக்குக் கீழே போகாதவரை இரவில் ஹீட்டர் தேவையில்லை. சூடேறும் கல், அடியில் விரிக்கும் ஹீட்டிங் பேட் இரண்டும் மரத்தில் வாழும் பிராணிக்குப் பயன்படாது, வயிற்றைச் சுட்டுவிடும்.

தண்ணீர்

கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டுக் குடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்ளாது. இலையில் சொட்டும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும், அதுவும் உடனே குடிக்காது. தண்ணீர் விழத் தொடங்கியதும் முதலில் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும். பிறகு ஒரு கண் மட்டும் சுழன்று இலை நுனியில் ஆடும் துளியில் நிற்கும். தலை மெதுவாக நீளும், வாய் லேசாகத் திறக்கும், தடித்த நாக்கின் நுனி துளியைத் தொட்டு உள்ளே போகும். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் விடாமல் குடிக்கும். சில நேரம் கண்ணைப் பிதுக்கி உருட்டித் தூசியைக் கழுவிக்கொள்வதையும் பார்க்கலாம். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அதனால் நாலு தடவை கைத்தெளிப்பானை அடித்துவிட்டுப் போவதால் பயனில்லை.

காலையில் விளக்கு எரியத் தொடங்கும் முன்னும் மாலையில் அணைந்த பிறகும் இரண்டிரண்டு நிமிடம் மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். டைமர் வைத்த மிஸ்டிங் மெஷின் இருந்தால் வேலை எளிது, நாம் வெளியூர் போனாலும் ஓடும். அதோடு பகலில் ஒரு டிரிப்பர். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஊசியால் துளையிட்டு மேல்வலையின் மேல் வைத்தால் அதுவே டிரிப்பர். விநாடிக்கொரு துளி, அகலமான இலைகளின் மேல் விழுந்து இறங்கட்டும். குளிர்ந்த தண்ணீரை நேராகப் பச்சோந்தியின் முகத்தில் பீய்ச்சாதீர்கள்.

ஈரப்பதத்தில் பகலும் இரவும் ஒன்றல்ல. பகலில் 40 முதல் 50 சதவீதம், பாந்தருக்குக் கொஞ்சம் கூட. இரவில் 80-ஐத் தாண்டலாம். காட்டில் இரவுப் பனியும் மூடுபனியும் தரும் ஈரத்தை மூச்சோடு இழுத்துக்கொள்ளும் வாழ்க்கை அதற்கு. ஃபாகர் வைத்து இரவில் பனிபோல் விடலாம், ஆனால் ஒரு நிபந்தனை: அறை 20 டிகிரிக்கு அருகே குளிர்ந்தால் மட்டும். வெக்கையான இரவில் ஃபாகரை ஓட்டினால் சூடும் ஈரமும் சேர்ந்து நுரையீரல் நோய்க்கு வழிவிடும். பகலில் தெளிப்புக்கும் தெளிப்புக்கும் நடுவில் இலையும் கிளையும் முழுக்கக் காய வேண்டும். நாள் முழுவதும் நசநசவென்று இருக்கும் கூண்டில் பூஞ்சை பிடிக்கும், பாதத்தில் புண் வரும்.

இவ்வளவு தண்ணீரும் கீழே எங்கே போகும் என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கூண்டின் அடித்தட்டில் துளையிட்டு, கீழே ஒரு தட்டு வைத்து, அதைத் தினமும் காலி செய்யுங்கள். விளக்கு, பம்பு வயர்கள் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

தண்ணீர் போதுமா என்பதை எச்சத்தில் பார்க்கலாம். பழுப்பு மலத்தோடு ஒரு கட்டி உப்பும் வரும். அது வெள்ளையாக, நுனியில் மட்டும் லேசான மஞ்சளோடு இருந்தால் நல்லது. முழுக்க ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை. கண்கள் குழிவிழுந்தால் நிலைமை மோசம்.

கிளையும் செடியும்

பச்சோந்தியின் பாதம் இரண்டு விரல், மூன்று விரல் என இரு கொத்தாகப் பிரிந்து இடுக்கி மாதிரி பிடிக்கும். பிடிக்கத் தோதான தடிமனில் கிளைகள் வேண்டும். விரல் தடிமனிலிருந்து அதற்கு இரண்டு மடங்கு வரை கலந்து வையுங்கள். ஒரே தடிமன் என்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திக்கொண்டிருக்கும். விளக்குகளுக்குக் கீழே வரும் கிளை கிடைமட்டமாக இருக்கட்டும், அங்கிருந்து கீழே செல்ல சாய்ந்த கிளைகள். ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் நடந்தே போக முடிய வேண்டும். வலை பாரம் தாங்காது, எனவே கிளைகளைச் சட்டத்தில் கட்டுங்கள்.

செடிகள் உண்மையான செடிகளாகவே இருக்கட்டும். வெய்ல்ட் இலை தின்னும், பிளாஸ்டிக் இலையைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். மணி பிளான்ட், ஷெஃப்லெரா எனும் குடைச்செடி, செம்பருத்தி, ஸ்பைடர் பிளான்ட் இவை நான்கும் வெகுகாலமாக வளர்ப்பவர்கள் பயன்படுத்துபவை. அரளி, டீஃபன்பாக்கியா, குரோட்டன், பால் வடியும் கள்ளி வகைகள் கூடவே கூடாது. நர்சரியிலிருந்து வரும் செடியில் பூச்சிமருந்து இருக்கும். இலைகளின் இரு பக்கமும் கழுவி, மண்ணை மாற்றி, சில வாரம் வெளியே வைத்த பிறகு கூண்டில் வையுங்கள். தொட்டி மண்ணின் மேல் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள்.

எவ்வளவு செடி வேண்டும்? கூண்டைப் பார்த்ததும் பச்சோந்தி கண்ணில் பட்டுவிட்டால் செடி போதவில்லை. அதை நீங்கள் தேட வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்ற நம்பிக்கை வந்த பச்சோந்திதான் தைரியமாக வெளியே வந்து உட்காரும், கையிலிருந்து இரை வாங்கும். அலங்காரம் அடர்த்தியாக இருக்கும் கூண்டுகளில் பச்சோந்தி தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டு செடிகளை வெட்டிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

தரையில் மணல், மரச்சீவல் எதுவும் வேண்டாம், வெறும் தரையே நல்லது. மண்ணும் சருகும் அதில் வாழும் நுண்பூச்சிகளுமாக உயிருள்ள தரை அமைப்பது அழகான முறைதான், ஆனால் முதல் வருடம் கழித்து அதற்குப் போங்கள்.

பெண் பச்சோந்தி வைத்திருப்பவர்களுக்கு

வெய்ல்ட் பெண், ஆணோடு சேராமலேயே முட்டையிடும். ஐந்தாறு மாத வயதிலேயே தொடங்கலாம். தோண்டி முட்டையிட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இறந்துபோகும். அதனால் நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 30 செ.மீ. உள்ள தொட்டியில் ஈரமான கழுவிய மணலை நிரப்பி நிரந்தரமாகக் கூண்டிலேயே வையுங்கள். கையால் குகைபோல் தோண்டினால் இடிந்து விழாத ஈரம் வேண்டும். அது தரையில் அலையத் தொடங்கி மண்ணைக் கீறினால் கூண்டைத் துணியால் மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பாதிக் குழியோடு விட்டுவிடும். சூட்டை 27 டிகிரியிலும் தீனியை அளவாகவும் வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கையே குறையும்.

தீனி, கூண்டுக்குள்

கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என மாற்றி மாற்றிக் கொடுங்கள். இரையின் நீளம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து பூச்சி. பூச்சிக்கே முந்தின நாள் கீரை, காரட் போன்றவற்றைக் கொடுத்து வயிற்றை நிரப்புங்கள், அந்தச் சத்துதான் பச்சோந்திக்குப் போகிறது. கொடுக்கும்போது டி3 இல்லாத கால்சியம் பொடியை லேசாகத் தூவுங்கள், டி3 கலந்த மல்டிவிட்டமின் மாதம் இருமுறை.

பூச்சிகளைக் கூண்டுக்குள் இஷ்டத்துக்கு விடாதீர்கள். உள்பக்கம் வழுவழுப்பான ஆழமான கிண்ணத்தில் போட்டு, கிளைக்கு அருகே உயரத்தில் மாட்டுங்கள். தப்பித்த கிரிக்கெட் பூச்சி இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கும். வெளியே பிடித்த பூச்சி வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கும். மின்மினி ஒன்றே ஒன்று போதும், பல்லியினத்துக்கு அது உயிரெடுக்கும் நஞ்சு.

கூண்டு ஓடத் தொடங்கிய பிறகு

முதல் இரண்டு வாரம் தண்ணீர், தீனி, சுத்தம் தவிர வேறெதற்கும் கூண்டைத் திறக்காதீர்கள். கையில் எடுத்துப் பழக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். பச்சோந்தி தொட்டுக் கொஞ்சுவதற்கான பிராணி அல்ல, அது கையில் ஏறுவதை அதன் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

தினமும் எச்சத்தையும் செத்த பூச்சிகளையும் எடுத்துவிடுங்கள், வடிதட்டைக் காலி செய்யுங்கள், வெப்பமானியைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கிளைகளையும் இலைகளையும் ஈரத்துணியால் துடைத்து, மிஸ்டிங் தொட்டியையும் ஃபாகரையும் கழுவிக் காய வையுங்கள். ஃபாகரில் வழவழவென்று படியும் பாசியில் பாக்டீரியா வளர்ந்து, நேராகப் பச்சோந்தியின் நுரையீரலுக்குப் போகும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். உப்புத் தண்ணீர் மிஸ்டிங் மெஷினின் நாசிலை அடைத்தால் வினிகரில் ஊற வைத்தால் போதும். மாதம் ஒருமுறை பச்சோந்தியை வேறிடத்தில் வைத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தரையையும் சுவர்களையும் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை கழுவிக் காயவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பால் கழுவுங்கள். ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கூண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. மூச்சில் களகளப்பும் வாயோரம் சளியும், கிளையில் நடக்கையில் கால் நடுக்கமும், வாய் வீக்கமும், இரையைக் குறிபார்த்தும் நாக்கு எட்டாமல் போவதும், முட்டை வயிறில்லாமலே தரையில் கிடப்பதும் அதேபோல் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர்கள் குறைவு. பச்சோந்தி நலமாக இருக்கும்போதே அப்படி ஒருவரைத் தேடி வைத்துக்கொண்டு, வருடம் ஒருமுறை புது எச்சத்தைக் கொடுத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள். போகும்போது கூண்டின் முழுப் படம், யுவிபி விளக்கின் பெயரும் பொருத்திய தேதியும், மேல்கிளைக்கும் விளக்குக்கும் உள்ள தூரம், பகல் இரவு வெப்பமும் ஈரப்பதமும், கொடுக்கும் பொடிகளின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.